சேர் இருந்த இடம்

திருப்பூர் அவினாசியப்பன் காம்பவுண்டில் பொருள்கள் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்ட வருசத்தில், எல்லார் வீட்டிலும் அவரவர் பொருள் ஒட்டிக்கொள்ள, துளசிமணி வீட்டில் மட்டும் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சியின் சிவப்புச் சேர் ஒட்டிக்கொண்டது. அதற்கு யாரைக் குறை சொல்ல முடியும்? போட்டோ எடுக்க வந்த பெண் படித்துப் படித்துச் சொன்னாள், இருக்கிறது இருக்கிற இடத்தில் இருக்கட்டும், எதையும் நகர்த்தாதீர்கள் என்று, கேட்டால்தானே. வீட்டுக்கு நாலு பேர் வருகிறார்கள் என்றால் பக்கத்து வீட்டில் போய் நல்ல சேரை வாங்கி வந்து போடுவதும், நம் வீட்டு உடைந்ததைக் கொண்டுபோய்ப் பின்னால் ஒளித்து வைப்பதும் லைன் வீட்டில் குடியிருக்கிற யாருக்கும் கை தன்னால் செய்கிற காரியம். துளசிமணியின் கையும் அதைத்தான் செய்தது.

காம்பவுண்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஓட்டுக் கூரையின் கீழே வரிசையாக வீடுகள், வீட்டுக்கு ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும், எல்லோருக்கும் பொதுவாகப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியும் பாத்ரூமும். குடியிருந்தவர்கள் எல்லோரும் பனியன் கம்பெனி ஜனம். துளசிமணியின் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி ஓவர்லாக் டைலர், வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று தொழில் செய்கிற இடத்தில் கேலி பேசுவார்கள். துளசிமணி வீட்டிலேயே உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டுகிறவள். கை துணியில் இருக்கும், கண் பக்கத்து வீட்டில் இருக்கும். அந்தப் பக்கத்து வீடுதான் வரிசையில் கடைசி வீடு, அதில்தான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த முத்துப்பேச்சியும் அவள் புருசன் சுடலைமணியும் இருந்தார்கள்.

பேச்சி வீட்டில் கறிக்குழம்பு கொதித்தால் துளசிமணிக்கு அவள் வீட்டு ரசம் தொண்டையில் இறங்காது. பேச்சி புதுச் சேலை கட்டினால் இவளுக்குத் தலைவலி வரும். அதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வாள், அவளால் பொறுக்க முடியாதது சாயங்காலம் ஒன்றுதான். வேலை விட்டு வந்து முகம் கழுவி, அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் சேரை உள்ளே சுவரோரம் இருந்து தூக்கி வந்து வாசலில் போட்டு, அதில் பேச்சி உட்கார்ந்துகொள்ள, பின்னால் நின்று சுடலைமணி அவளுக்குத் தலை வாரி விடுவான். செக்கிங் டேபிளில் நாளெல்லாம் நின்று அவளுக்குத் தோள் இறங்கிப்போயிருக்குமாம், கையைத் தூக்க முடியாதாம். சிக்கெடுத்துக்கொண்டே ஏதோ பாட்டு முனகுவான், அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள். துளசிமணி பிசிறு வெட்டுகிற கத்திரிக்கோலை அப்போதெல்லாம் ஜாக்கிரதையாகப் பிடிக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் பனியனே இரண்டாகிவிடும். அப்படி ஒரு வயிற்றெரிச்சல்.

அந்த நேரத்தில்தான் காம்பவுண்டுக்குச் சொந்தக்காரர் அவினாசியப்பன் வந்து, தை பிறந்ததும் எல்லோரும் காலி செய்துவிட வேண்டும், எல்லாவற்றையும் இடித்துக் கோடவுன் கட்டப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு வீடு எங்கே கிடைக்கும், கிடைத்தாலும் அட்வான்ஸுக்கு எங்கே போவது என்று எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தபோது, மூன்று கால் ஸ்டாண்டும் கனத்த கேமராவுமாக சென்னையிலிருந்து ஆக்னஸ் என்கிற அந்தப் பெண் வந்து நின்றாள். குட்டையாக வெட்டின முடி, பையன் சட்டை, ஆனால் பேச்சில் தேன் ஒழுகும்.

"இடிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வீட்லயும் ஒரு பொருளைப் போட்டோ எடுத்துக்கறேங்க. மனுஷங்க வேண்டாம். மனுஷங்க புழங்கின பொருளும் அது இருக்கற இடமும் போதும்."

ஆளில்லாமல் என்ன போட்டோ, செத்த வீடு மாதிரி இருக்குமே என்று சிலர் முகம் சுளித்தார்கள். இந்தப் படத்தையெல்லாம் பெரிய ஹாலில் மாட்டி வைத்துப் படித்தவர்கள் வந்து நின்று பார்ப்பார்களாம் என்று கேள்விப்பட்டதும் சுளித்த முகமெல்லாம் நேரானது.

துளசிமணி அதைக் கேட்டதும் தன் வீட்டைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். இருந்தது ஒரே ஒரு பச்சைச் சேர். அதுவும் ஒருநாள் அவள் உட்கார்ந்திருக்கும்போதே நடுவில் விரிசல் விட்டு, எழுந்திருக்கையில் தொடையைக் கவ்விப் பிடித்துவிட, ஈஸ்வரமூர்த்தி அதைச் செப்புக் கம்பியால் தைத்து வைத்திருந்தார். தையல் போட்ட சேரையா பெரிய ஹாலில் மாட்டுவது? மானம் போய்விடாதா? அதைத் தூக்கிப் போய்ப் பாத்ரூம் பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, நேரே பேச்சி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"ஏம்புள்ள, உங்கூட்டுச் சேரை சித்தே குடு. போட்டோக்காரப் புள்ள வந்தா உக்காரச் சொல்லோணுமல்லோ."

"எடுத்துட்டுப் போங்கக்கா. இதைப்போயி கேட்டுக்கிட்டு."

அப்படித்தான் அது இடம் மாறியது. ஆக்னஸ் வந்தாள், சேரில் உட்காரவில்லை, சேரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கைப்பிடியில் சாயம் போயிருந்த இடத்தைத் தடவினாள்.

"இதுல யாருங்க உட்காருவீங்க?"

துளசிமணியின் வாய் அவளைக் கேட்காமலே பேசியது. "எங்கூட்டுக்காரருதானுங்க வாங்கிக் குடுத்தாரு. சாயங்காலமானா இதுல என்னைய உக்கார வெச்சுத் தலை வாரி உடுவாரு. வேண்டாம்னாலும் கேக்க மாட்டாருங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சி வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றது. பிறகு மறுபடி கேட்டது. துளசிமணி கழுத்து வேர்த்ததைத் துடைத்துக்கொண்டாள். கேமரா ஒருமுறை கண் சிமிட்டியது.

அடுத்து ஆக்னஸ் கடைசி வீட்டுக்குப் போனாள். துளசிமணியும் வேடிக்கை பார்க்கப் போய் வாசலில் நின்றாள். பேச்சி வீட்டில் தகரப் பெட்டியும் சாமி படமும் குடமும் இருக்க, அந்தப் பெண் அதையெல்லாம் விட்டுவிட்டுச் சுவரோரம் வெறுமனே கிடந்த ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க் கறை, தரையில் நாலு கால் அழுந்தின தடம்.

"இங்க என்ன இருந்துச்சுங்க?"

"சேரு இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கு," என்றாள் பேச்சி. துளசிமணி பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஆக்னஸ் அந்தக் காலி இடத்தைப் படம் எடுத்தாள். சுவரைப் போட்டோ பிடிக்கிற கூத்தைப் பார் என்று காம்பவுண்டே சிரித்தது. கடைசியாக அவள் கை கழுவப் பின்பக்கம் போனபோது, தண்ணீர்த் தொட்டியின் பின்னால் கம்பித் தையல் போட்ட பச்சைச் சேர் அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"இது யாரோடதுங்க?"

"ஆரோ போட்டதுங்க," என்றாள் துளசிமணி. "எங்களுது இல்லீங்க."

ஆக்னஸ் கொஞ்ச நேரம் குனிந்து அந்தத் தையலைப் பார்த்தாள். அதையும் ஒன்று எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் காலையில் முதல் வீட்டு மாரப்பன் வேலைக்குக் கிளம்பி வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்தார், செருப்பு வரவில்லை. காலை உருவிக்கொண்டு குனிந்து இழுத்தார், பக்கத்து வீட்டு ஆளையும் கூப்பிட்டு இழுத்தார், பிறகு நேரமாகிவிட்டதென்று வெறுங்காலோடு கம்பெனிக்குப் போய்விட்டார். அதற்கு அடுத்த வீட்டில் மல்லிகாபேகத்தின் மிக்ஸி, அரைத்தால் அரைத்தது, இடத்தை விட்டு அசைய மாட்டேன் என்றது. இன்னொரு வீட்டில் டிவி ரிமோட் ஜன்னல் திட்டோடு இருந்துகொள்ள, சேனல் மாற்ற வேண்டியவர்கள் எழுந்து ஜன்னலுக்குப் போக வேண்டியதாயிற்று, அதனால் அந்த வீட்டில் சேனல் சண்டை குறைந்தது. ஒரு வீட்டில் தண்ணீர் மொள்ளும் குடம், அதற்குத் தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஒரு வீட்டில் தலையணை, புருசனும் பெண்டாட்டியும் அதைச் சுற்றித் திரும்பிப் படுக்கப் பழகிக்கொண்டார்கள். எந்தப் பொருளைக் கேமரா பார்த்ததோ அது பார்த்த இடத்திலேயே நின்றது, அவ்வளவுதான். ஏன் எதற்கு என்று கேட்க யாருக்கு நேரமிருந்தது? காலை வேலைக்கு மணி அடித்துவிடும்.

ஆனால் அவினாசியப்பனுக்கு நேரமிருந்தது. ஆள் வைத்துக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தார், செருப்புக்கு ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்தார், ஜாக்கி வளைந்தது. வீட்டை இடித்தால் ரிமோட்டும் குடமும் அந்தரத்தில் நிற்குமே, அதற்கு நடுவில் கோடவுன் கட்டினால் எவன் சரக்கு வைக்க வருவான்? தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தவர், பொருள் ஒட்டின வீட்டுக்காரர்கள் அப்படியே இருந்துகொள்ளுங்கள், நான் வேறு இடம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்குக் காம்பவுண்டில் எல்லா வீட்டிலும் பாயசம். பொருள்களுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், கண் படக்கூடாதென்று எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டினார்கள். கொடுக்கல் வாங்கலில் தகராறு வந்தால் மாரப்பனின் செருப்பைத் தொட்டுச் சத்தியம் பண்ணு என்றார்கள். பெண் கொடுக்க வந்தவர்கள்கூட, மாப்பிள்ளை வீட்டில் ஒட்டின பொருள் ஏதாவது உண்டா என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். எதிர்க் காம்பவுண்டு ஜனம் மனசு தாங்காமல் கல்யாணத்துக்கு எடுக்கிற ஸ்டூடியோக்காரரைக் கூட்டி வந்து, புது பிரிட்ஜுக்கு மாலை போட்டு நாலு பக்கமும் படம் எடுத்தார்கள். பிரிட்ஜ் ஒட்டவில்லை. அதன்மேல் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் அதில் பால்கூட வைக்கவில்லையாம்.

துளசிமணி வீட்டில் ஒட்டியது பேச்சியின் சேர். முதலில் அவளுக்கு உள்ளூர ஒரு குதூகலம் வந்ததை மறைப்பானேன்? சேர் வந்தால் சேரில் நடந்ததும் கூடவே வரும் என்று நினைத்தாள். அன்று சாயங்காலம் நன்றாகத் தலைக்கு எண்ணெய் வைத்துச் சேரில் போய் உட்கார்ந்து, வேலை விட்டு வந்த ஈஸ்வரமூர்த்தியிடம் சீப்பை நீட்டினாள்.

அவர் சீப்பைப் பார்த்தார், அவள் தலையைப் பார்த்தார். "ஏன், பேன் இருக்குதா?"

"ஒண்ணுமில்லீங்க. போங்க."

அவர் சேரைப் பார்த்தார். "இது சுடலைமணி சேராச்சே. நம்ம சேரெங்கே புள்ள?"

அவர் தேடிக்கொண்டு பின்பக்கம் போனார். பச்சைச் சேர் தண்ணீர்த் தொட்டியின் பின்னால், எடுத்த படத்தில் இருந்தபடியே, அசையாமல் இருந்தது. இழுத்துப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல், டீயை அங்கேயே கொண்டுவரச் சொல்லி அதில் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து அவருக்குச் சாயங்காலம் பாத்ரூம் பக்கம்தான். அடுத்தவன் சேரில் எனக்கு உட்கார வராது என்று சொல்லிவிட்டார். யாருடையதும் இல்லை என்று துளசிமணியே ஊரறியச் சொல்லியிருந்ததால், குளிக்கக் காத்திருக்கிற பெண்கள் எல்லோரும் அந்தப் பச்சைச் சேரில் மாறி மாறி உட்கார்ந்தார்கள்.

இதைவிடக் கொடுமை இருக்கிறது, கேளுங்கள். சேர் இங்கே ஒட்டிக்கொண்டதால், பேச்சியும் சுடலைமணியும் சீப்பை எடுத்துக்கொண்டு துளசிமணி வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையேக்கா" என்று பேச்சி கேட்க, மரியாதைக்கு "வா புள்ள, உம்பட சேருதானே" என்று துளசிமணி சொல்லித் தொலைத்தாள். அதுவரைக்கும் வாசலில் இருந்து எட்டிப் பார்த்ததெல்லாம் இப்போது அவள் வீட்டு அறைக்குள்ளேயே நடந்தது. சுடலைமணி முனகுகிற பாட்டு அவள் வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பியது. பேச்சியின் முடி ஒன்று அவள் சோற்றுத் தட்டில் கிடந்தது. கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் சாயங்காலம் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, தலைவலி, படுத்திருக்கிறேன் என்று குரல் கொடுத்தாள்.

"படுத்துக்கோங்கக்கா. நாங்க தரையிலயே உக்காந்துக்கிடுதோம்."

வாசல் தரையில் உட்கார்ந்தும் அது நன்றாகத்தான் இருந்தது. சாவித் துவாரம் வழியாகப் பார்த்த துளசிமணிக்கு இன்னும் எரிந்தது.

அடுத்தவர் பொருளை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது முறையில்லை என்று ஈஸ்வரமூர்த்தி, அதே மாதிரி ஒரு சிவப்புச் சேர் வாங்கி வந்து, பேச்சியிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். துளசிமணி வேண்டா வெறுப்பாகத் தூக்கிப் போனாள். பேச்சி டீ போட உள்ளே போயிருந்தாள். பழைய சேர் இருந்த அதே இடத்தில் புதுச் சேரை வைத்தாள் துளசிமணி. யாரோ முழங்காலால் மெல்லத் தள்ளுவதுபோல் சேர் விலகி வந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விலகியது. கையை நீட்டினாள். அந்த இடம் அவள் கையை வெளியே தள்ளியது. சுவரில் எண்ணெய்க் கறை, தரையில் நாலு தடம், நடுவே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாதது ஒட்டிக்கொண்டிருந்தது.

"அங்க தரை சரிவுக்கா," என்று டீயோடு வந்த பேச்சி சொன்னாள். "தகரப் பெட்டியை வச்சாலும் நவுந்து வந்துருது. வெளக்குமாறுகூட வழுக்குது. பழைய வீடுல்லா. இந்தப் பக்கமா போடுங்க."

துளசிமணி டீயைக் குடித்தாள். தெரிந்ததைச் சொல்லவில்லை. பேச்சிக்கு இதுவும் வேண்டுமா என்று நினைத்தாள், வீடு வந்து சேர்ந்து கதவைச் சாத்தினாள்.

அப்போது அது சின்ன விஷயம். பிறகு பெரிய விஷயமானது. இடம் ஏதும் அமையாமல் சுற்றிக்கொண்டிருந்த அவினாசியப்பன் ஒருநாள் திரும்பி வந்து, காம்பவுண்டுக்குப் பின்னால் கிடக்கிற காலி மனையிலேயே கோடவுன் போட்டுக்கொள்கிறேன், லாரி உள்ளே போக வழி மட்டும் வேண்டும், கடைசி வீட்டில் எதுவும் ஒட்டவில்லையே, அதை இடித்துவிட்டால் வழி கிடைத்துவிடும் என்றார். மற்ற வீட்டுக்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள், அதற்குமேல் என்ன செய்வார்கள்? சேர் அங்கே இருந்திருந்தால் வீடு தங்கியிருக்கும், பாவம், இரவல் கொடுத்துக் கெட்டாள் என்றார்கள். அதைத் துளசிமணி காதுபடவே சொன்னார்கள்.

சுடலைமணி நாலு தெரு அலைந்தான். கிடைத்ததெல்லாம் கைக்கு எட்டாத வாடகை. கடைசியில், ஊருக்கே போய்விடலாம், அங்கே அண்ணன் தீப்பெட்டி ஆபீஸில் ஏதாவது வேலை பார்த்துத் தருவான் என்று முடிவு செய்தார்கள். பேச்சி போகப்போகிறாள் என்றதும் துளசிமணி நிம்மதியாக இருக்க வேண்டும்தானே? இனி சாயங்காலம் வாசல் காலியாக இருக்கும், சீப்பும் பாட்டும் இருக்காது. சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சோறு என்னவோ இறங்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் வீடு நிலைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். நானா இடிக்கச் சொன்னேன் என்று பனியனிடம் கேட்டாள்.

காலி செய்கிற அன்றைக்குக் காலையில் துளசிமணி குளிக்கப் போனபோது, பச்சைச் சேரில் சோப்பு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பேச்சி உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள ஆள் இருக்குக்கா," என்றாள். பிறகு, "போறப்பவாவது ஒண்ணு சொல்லிரணும்னு இருந்தேன்," என்றாள்.

"என்ன புள்ள?"

"இந்தச் சேரு உங்களதுதானக்கா."

துளசிமணி தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி தச்சதை நான் பாத்தேன்லா. ஊசியைச் சூடு பண்ணி ஒவ்வொரு ஓட்டையா போட்டு, கம்பியை விட்டு, முடிச்சு பூராத்தையும் அடிப்பக்கமா தள்ளி... உங்களுக்குத் தொடையில குத்திரக் கூடாதுன்னு கையால தடவித் தடவிப் பாத்தாக. உக்காந்து பாருங்க, ஒரு இடத்துல நெருடாது. அன்னைக்கு எங்க வீட்டுல ஒரே சண்டை."

"எதுக்கு?"

"எதுக்கா? இவுகளும் இருக்காகளே. பாட்டு இருக்கு, பேச்சு இருக்கு, சீப்பு இருக்கு. வீட்டுல ஒரு பல்பு போனா ஸ்டூல்ல ஏறுறது நான்தான். குழாய் ஒழுகுனா துணி சுத்துறது நான்தான். உங்களைப் பாத்து எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமாக்கா? வாசல்ல சேரைப் போட்டு உக்காந்ததே நீங்க பாக்கணும்னுதான். உள்ள உக்காந்து வாரினா முடி என்ன சிக்கா விழுந்துரும்?" பேச்சி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்குப் போட்டோக்காரப் புள்ளைட்ட நீங்க சொன்னதும் கேட்டுச்சு. இவ்வளவையும் வச்சுக்கிட்டு அந்தச் சீப்பையுமா கேக்குதாகன்னு நினைச்சேன்."

பாத்ரூம் கதவு திறந்தது, பேச்சி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

துளசிமணி பச்சைச் சேரில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, சேரின் அடியில் கையை விட்டுத் தடவினாள். வரிசையாக முடிச்சுகள், ஒவ்வொன்றும் நுனி மடக்கி அமுக்கின முடிச்சுகள். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தன்னைப் பார்த்து ஒருத்தி வயிறு எரிந்திருக்கிறாள், அதுவும் யார், பேச்சி. தன் வீட்டைப் பார்த்து, தன் வீட்டுக்காரரைப் பார்த்து, புருசனோடு சண்டை போட்டிருக்கிறாள். குளித்து முடித்துத் தலையைத் துவட்டும் வரைக்கும் துளசிமணி அந்தச் சந்தோசத்திலேயே மிதந்தாள். துவட்டி முடித்ததும் சந்தோசம் நின்றுவிட்டது. இன்றைக்குச் சாயங்காலம் பேச்சி சங்கரன்கோவில் போய்விடுவாளே. அப்புறம் இங்கே தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட யார் இருக்கிறார்கள்? மல்லிகாபேகமா? அவளுக்கு மிக்ஸியைத் துடைக்கவே நேரம் போதாது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், இரக்கம் வந்து அவள் போகவில்லை. இந்தக் கவலை வந்துதான் பேச்சி வீட்டுக்குப் போனாள்.

வாசலில் குட்டி லாரியில் தகரப் பெட்டியும் குடமும் ஏறியிருந்தன. கடப்பாரையோடு இரண்டு ஆட்கள் நிற்க, அவினாசியப்பன் கடைசி வீட்டுக்குள் நின்று எந்தச் சுவரை முதலில் தட்டுவது என்று காட்டிக்கொண்டிருந்தார். ஈரத் தலையோடு துளசிமணி உள்ளே நுழைந்தாள்.

"அண்ணா, இந்த வீட்ல ஒட்டியிருக்குதுங்க."

"என்ன அம்மணி ஒட்டியிருக்குது? எல்லாத்தையும் லாரியில ஏத்தியாச்சே."

"சேர் இருந்த எடம் ஒட்டியிருக்குதுங்க. அந்தப் புள்ள அதைத்தானே போட்டோ எடுத்துச்சு. சேரு எங்கூட்ல இருந்துச்சு. நான்தான் எரவல் வாங்கிட்டுப் போயிருந்தனுங்க. எனக்கு முன்னாலயே தெரியும், வாயைத் தொறக்கல. அந்த மூலையில கடப்பாரையை ஊனிப் பாருங்க."

ஆள் ஊன்றிப் பார்த்தான், கடப்பாரை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அவினாசியப்பன் தாமே வாங்கி ஓங்கி ஊன்றினார், கடப்பாரை அவரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் சாத்தியது. காலை வைத்தார், கால் திரும்பி வந்தது. கையிலிருந்த துண்டை விரித்துப் போட்டார், துண்டு காற்றில் ஒரு சேரின் உருவத்தில் நின்று பிறகு நழுவி விழுந்தது. சுவரை இடித்தாலும் இந்த இடம் இங்கேயேதான் நிற்கும், லாரி இதைத் தாண்டாது என்று அவருக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இல்லாத சேருக்கு ஒரு வீடு," என்று முனகியபடியே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

பேச்சிக்குக் கை கால் ஓய்ந்துபோனது. காலையிலிருந்து சாமான் தூக்கினவள், அழுதவள், இப்போது வீடு நிலைத்துவிட்டது என்றதும் எதையும் பார்க்காமல், இத்தனை வருசம் எங்கே உட்காருவாளோ அங்கே போய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் ஐயோ விழுந்துவிடுவாள் என்று கையை நீட்டினார்கள். அவள் விழவில்லை. சுவரில் எண்ணெய்க் கறை இருந்த இடத்தில் தலை சாய்ந்தது, கைகள் காற்றில் இரண்டு பக்கமும் அழகாக ஊன்றிக்கொண்டன. கடப்பாரையைத் தள்ளின இடம் அவளைத் தாங்கிக்கொண்டது.

துளசிமணி பார்த்துக்கொண்டே நின்றாள். எங்கேயோ ஒரு மூலையில் அவளுக்கு மறுபடியும் எரிய ஆரம்பித்தது. சேரை என் வீட்டுக்குக் கொண்டுபோயும் சேர் இங்கேயேதான் இருந்திருக்கிறது பார்.

"அக்கா," என்றாள் பேச்சி.

"செரி செரி," என்றாள் துளசிமணி. "கண்ணைத் தொடச்சுக்கோ. லாரிக்காரன் சாமானை எறக்க நிக்கறான் பாரு."

அன்று சாயங்காலம் பேச்சி வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே வெறும் காற்றில் பேச்சி உட்கார்ந்திருக்க, பின்னால் நிற்க இடமில்லாததால் பக்கத்தில் நின்று சுடலைமணி தலை வாரினான், பார்க்கக் காம்பவுண்டே கூடி நின்றது. எதிர்க் காம்பவுண்டுக்காரர்கள் மதில்மேல் ஏறிப் பார்த்தார்கள். துளசிமணி வீட்டுச் சிவப்புச் சேரில் துவைத்த துணி குவிந்து கிடந்தது. அவள் அந்தக் கூட்டத்தில் நிற்கவில்லை. டீயை ஊற்றி எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். பச்சைச் சேரில் உட்கார்ந்து குளிக்கக் காத்திருந்த மல்லிகாபேகத்தைப் பார்த்து, "எந்திரிங்கக்கா, அது எங்க சேரு" என்றாள். மல்லிகாபேகம் எழுந்தாள், யாரோ போட்டது என்றாயே என்று கேட்கவும் செய்தாள், துளசிமணி அதில் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் தொட்டித் திண்டில் ஈஸ்வரமூர்த்தி உட்கார்ந்து டீயை ஊதினார்.

கூட்டம் கலைந்த பிறகு, முடிந்த பின்னலோடு பேச்சி தண்ணீர் பிடிக்கக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். அவள் தலை தெரிந்ததுமே துளசிமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க," என்றாள், தேவைக்கு மேலேயே சத்தமாக. "இந்தக் கம்பி லூசா இருக்குது. சித்தே பாருங்க."

ஈஸ்வரமூர்த்தி குனிந்து அடியில் கையை விட்டுப் பார்த்தார். "லூசா இல்லியே புள்ள."

"இருக்குதுங்கறேன்."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார், டீ டம்ளரைத் திண்டில் வைத்தார், குறடு எடுத்து வர வீட்டுக்குப் போனார். பேச்சி குழாயடியில் நின்றுவிட்டாள். குடம் நிரம்பித் தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது, அவள் நிறுத்தவில்லை, குறடோடு திரும்பி வந்து பெண்டாட்டியின் காலடியில் குந்தி உட்கார்ந்த அந்த மனுசனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.